இருபத்தாறாவது ஃபைல்

முட்டாள்களில் எனக்கு இரண்டு வகை தெரியும். "தெரியாதுங்க" என்று சொல்லிவிடுகிறவன் ஒரு வகை. அவனோடு காலம் தள்ளலாம். தெரியாததையே ஒரு ஒழுங்காக மாற்றி, அதற்கு நேரம் வகுத்து, அதைப் பிறர் மெச்ச வேண்டும் என்று எதிர்பார்க்கிறவன் இன்னொரு வகை. எங்கள் மருத்துவமனையின் குடியிருப்புப் பிரிவுத் தலைமை எழுத்தர் இந்த இரண்டாம் வகையில் முதல் வரிசை. ஊழியர்களுக்கு வீடு ஒதுக்குவது அவருடைய பிரிவின் வேலை. மூன்று மாடிக் கட்டடங்கள் பதினாறு, லிஃப்ட் எதிலும் கிடையாது. யாருக்கு எந்த வீடு, அடுத்தது யார் என்ற வரிசையெல்லாம் அவர் மேசைக் கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களையும் பழுது பார்ப்பவன் நான். அப்படித்தான் அவரைத் தெரியும்.

அவருக்கு ஆபீசில் "இருபத்தஞ்சு" என்று பெயர். வைத்தவன் நான்தான்.

காரணம் சொல்கிறேன். கணக்குத்தாள் மென்பொருளைத் திறந்தால் அண்மையில் பார்த்த ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக வரும் அல்லவா? கடைசியாகத் திறந்தது மேலே நிற்கும். இருபத்தைந்து பெயர் வரைக்கும் இடம் உண்டு. புதிதாக ஒன்று வந்தால் அடியில் இருப்பது பட்டியலை விட்டு வெளியே போகும். பட்டியலை விட்டுத்தான் போகும், ஃபைல் எங்கேயும் போகாது, வைத்த இடத்தில் இருக்கும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். நம் தலைமை எழுத்தருக்கோ அந்தப் பட்டியல்தான் அலமாரி. அதில் பெயர் இருந்தால் ஃபைல் உயிரோடு இருக்கிறது. இல்லையென்றால் இல்லை.

ஆகவே மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் ஒன்பது மணிக்கு வருவார். கைக்குட்டையால் நாற்காலியை இரண்டு தட்டுத் தட்டுவார். பட்டியலின் அடியில் இருக்கும் ஃபைலைத் திறப்பார், மூடுவார். அது மேலே போகும். இப்போது அடிக்கு வந்திருக்கும் அடுத்ததைத் திறப்பார், மூடுவார். இப்படி இருபத்தைந்து தடவை. முடிந்ததும் எல்லாம் பழைய வரிசையிலேயே வந்து நிற்கும். ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். உண்மையில் ஒன்றும் நடக்கவும் இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஊருக்கே சோறு போட்டுவிட்டு உட்கார்ந்த மாதிரி ஒரு நிறைவு. நாற்பது நிமிஷம் இதற்கு ஆகும். நடுவில் யாராவது கவுன்டரில் வந்து நின்றால், திரும்பிப் பார்க்காமலே உள்ளங்கையைக் காட்டுவார். "இருங்க, வரிசை கலைஞ்சிடும்" என்பார். காய்ச்சலில் நடுங்கும் ஆளும் நிற்க வேண்டியதுதான்.

அவருடைய மவுசின் இடது பொத்தான் எட்டு மாதத்துக்கு ஒரு முறை தேய்ந்துபோகும். மற்றவர்களுக்கு ஒரு மவுஸ் நான்கு வருஷம் வரும். இதென்னடா இது என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் கூத்து எனக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினேன். அன்றைக்கு வைத்த பெயர்தான் அது.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் வைத்திருந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அந்த இருபத்தைந்து பெயர்களையும் முத்து முத்தாக எழுதியிருந்தார். கையெழுத்து மட்டும் அழகு, அதைச் சொல்லத்தான் வேண்டும். மேலிடத்திலிருந்து புது உத்தரவு வந்து புது ஃபைல் தொடங்க வேண்டியிருந்தால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. யாரை வெளியே அனுப்புவது? ஒரு வாரம் யோசிப்பார். எந்த ஃபைலை யாரும் வெகு நாளாகக் கேட்கவில்லையோ அதை அடிக்குக் கொண்டுவருவார். இருபத்தாறாவது ஃபைலைத் திறப்பார். அடியில் இருந்தது மறையும். தாளில் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பார். அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்று கேட்டிருக்கிறோம். இவர் குதிரையை ஓட்டியதோடு நிற்கவில்லை, செத்த குதிரைக்குத் துக்கமும் காத்தார்.

வீட்டிலும் இதே லட்சணம்தான். ஒரு தடவை அவர் வீட்டு வைஃபை சரியில்லை என்று கூப்பிட்டார், போனேன். அவர் மனைவி நல்ல அம்மாள், வாய் நிறையப் பேசுவார். "தம்பி, இவர் போன்ல ஒரு நம்பரையும் பேர் போட்டு வெச்சதில்ல. கடைசியா பேசின நம்பர் லிஸ்ட் வருமே, அதுலதான் தேடுவார். நம்பர் கீழ போயிடக் கூடாதுன்னு சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாருக்கும் வரிசையா போன் போடுவார். 'நல்லா இருக்கியா, சரி வெக்கிறேன்' அவ்வளவுதான்" என்றார். அவருடைய அக்கா சொந்தக்காரர்களிடமெல்லாம், என் தம்பி மாதிரி பாசக்காரன் உலகத்தில் உண்டா, ஒரு நாள் தவறாமல் விசாரிக்கிறானே என்று கண் கலங்குகிறாராம். இதைக் கேன்டீனில் சொன்னபோது ரத்த வங்கிக்காரருக்குப் புரையேறிவிட்டது.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு குண்டூசிப் படம் இருக்கும். அதை ஒரு முறை அழுத்தினால் அந்தப் பெயர் எத்தனை புது ஃபைல் வந்தாலும் நகராது. அதைக்கூட விடுங்கள், ஃபைல்கள் எந்த இடத்தில் சேருகின்றன என்று காட்டிக்கொடுக்க இரண்டு நிமிஷம் போதும். ஆறு வருஷத்தில் ஒன்பது மவுஸ் மாற்றினேன். சொல்லவில்லை. சொல்லிவிட்டால் கேன்டீனில் எதைப் பேசுவது? அந்த மரமண்டைக்குப் பாடம் எடுக்க எனக்குச் சம்பளமா கொடுக்கிறார்கள் என்றும் நினைத்தேன்.

ஒரு மவுஸ் மாற்றப் போன அன்று, இரண்டு வருஷம் இருக்கும், "வாகன நிறுத்தம்" என்று ஒரு புது ஃபைல் வந்தது. அவர் சிவப்பு மையால் ஒரு பெயரை அடித்துக்கொண்டிருந்தார். "கீழ்வீடு வரிசை." மாடி ஏற முடியாதவர்களுக்காகத் தரைத்தளத்தில் ஆறு வீடுகள் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குக் காத்திருப்பவர்களின் வரிசை அது. ஒரு வருஷமாக எந்தக் கீழ்வீடும் காலியாகவில்லை, யாரும் கேட்கவில்லை, அதனால் அதன் தலையெழுத்து அப்படி ஆயிற்று. "என்ன பண்றது தம்பி, யாராவது ஒருத்தர் போய்த்தான் ஆகணும்" என்றார் என்னைப் பார்த்து. நான் முகத்தை எப்படியோ வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பதே காலுக்குப் போன் வந்தது. தலைமை எழுத்தர்தான்.

"தம்பி, எல்லாம் போச்சு. ஒண்ணுகூட இல்ல. உடனே வா."

போனேன். அவர் எழுந்து நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. கவுன்டருக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள், சலவைக்கூடத்தின் நீலச் சீருடை, கைகள் நீரில் ஊறி வெளுத்திருந்தன. அவர் அவளுக்கு உள்ளங்கையைக் காட்டிவிட்டிருந்தார் போலும், ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பட்டியல் இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது.

"நேத்து என்ன சார் பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாம போகாது."

கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். பிறகு சொன்னார். மேலிடத்திலிருந்து இன்னொரு புது ஃபைல் வந்திருக்கிறது. இந்தத் தடவை யாரையும் வெளியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்துப் பிரிவில் யாரோ, அந்த இருபத்தைந்து என்ற எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மென்பொருளின் செட்டிங்ஸுக்குள் போய், எண்ணுக்குப் பக்கத்தில் மேலும் கீழுமாக இருக்கும் அம்புக்குறிகளில் ஒன்றை அழுத்தியிருக்கிறார். தவறுதலாகக் கீழ் அம்பை. மவுஸ் பொத்தான் தேய்ந்து சிக்கிக்கொண்டது. இருபத்தைந்து இருபதாயிற்று, பத்தாயிற்று, பூஜ்யத்தில் போய் நின்றது. பயந்துபோய் "சரி" என்பதை அழுத்திவிட்டு, கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரவு தூங்கவில்லையாம்.

நான் எண்ணைத் திரும்ப இருபத்தைந்தாக்கினேன். மூடித் திறந்தேன். பட்டியல் வந்தது, உள்ளே ஒரு பெயரும் இல்லை. பூஜ்யம் என்று சொன்னவுடன் அது பழைய பெயர்களைத் துடைத்துப் போட்டிருந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அவ்வளவுதானா தம்பி? முந்நூறு குடும்பம்..."

எனக்கு அந்த நேரம் எப்படி இருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனந்தமாக இருந்தது. ஆறு வருஷம் காத்திருந்த கட்டம் இது. இதை மெதுவாகத்தான் சாப்பிட வேண்டும். பிரிவில் இருந்த நாலு பேரும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"சார், வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்க. இங்க பாருங்க."

அவர் சேமித்த ஃபைல்கள் எல்லாம் எப்போதும் போய் விழும் ஒரே இடத்தைத் திறந்தேன். நூற்றெண்பத்து நான்கு ஃபைல்கள். அவர் குனிந்தார். மூக்கு திரையில் முட்டும் அளவுக்கு வந்தார்.

"இதெல்லாம் எங்க இருந்து வந்துச்சு?"

"எங்கேயும் போகல சார். எப்பவும் இங்கதான் இருக்கு."

"அடிச்சுட்டேனே. நான் சிவப்பு மையில அடிச்சதெல்லாம் இருக்கே!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. வகுப்பில் வருகை எடுப்பது மாதிரி ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன். "தண்ணீர்த் தொட்டி பராமரிப்பு, இருக்கு. பழைய சாவிப் பதிவு, இருக்கு. கீழ்வீடு வரிசை, இருக்கு..."

"எது?"

கேட்டது அந்தச் சலவைக்கூடத்துப் பெண். கவுன்டரின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றியிருந்தாள்.

"சார், அது இல்லைன்னு சொன்னீங்களே."

தலைமை எழுத்தர் நிமிரவில்லை. "அது... அப்ப இல்லம்மா" என்றார்.

அவள் கேட்டது அவரிடம்தான், ஆனால் திரும்பத் திரும்ப என் கையில் இருந்த மவுசையே பார்த்துக்கொண்டு பேசினாள். அவள் புருஷன் பெயின்டர். மூன்று வருஷத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இவர்கள் வீடு மூன்றாவது மாடி. அப்போதே கீழ்வீட்டுக்கு மனு கொடுத்து வரிசையில் மூன்றாவதாகப் பெயர் ஏறியது. முன்னால் இருந்த ஒருத்தர் ஓய்வு பெற்றுப் போனார், இன்னொருத்தர் வேறு ஊருக்குப் போனார். இனி நாம்தான் என்று நம்பிக் கேட்க வந்தபோது, "பதிவு எதுவும் இல்லை, புதிதாக மனு கொடுக்கவும்" என்று தலைமை எழுத்தர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கையெழுத்துத் தாளை அவள் பையில் வைத்திருந்தாள். முத்து முத்தான எழுத்து. புது மனு கொடுத்தாள். அவர் புதிதாக ஒரு வரிசை தொடங்கினார். செய்தி முதலில் எட்டியவர்கள் முதலில் மனு கொடுத்தார்கள், சலவைக்கூடத்துக்குச் செய்தி கடைசியில்தான் வரும். அவள் ஒன்பதாவது ஆனாள்.

"இப்ப எத்தனாவதுன்னு பார்த்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். போன மாசம் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துக் கீழ்வீடு காலியாச்சே. புது வரிசையில மொதல்ல இருக்காருன்னு டைரக்டர் டிரைவருக்குக் குடுத்தீங்க."

அந்த டிரைவரை எனக்குத் தெரியும். முட்டி வலிகூடக் கிடையாது. வாரக்கடைசியில் பந்து விளையாடுவார்.

"அந்த ஃபைலைக் கொஞ்சம் திறங்க சார்" என்றாள் என்னிடம்.

"வேணாம் தம்பி, மூடிடு" என்றார் தலைமை எழுத்தர் மெல்ல.

திறந்தேன். முதல் இரண்டு பெயர்களுக்குப் பக்கத்தில் "விலகினார்" என்று அவரே குறித்திருந்தார். மூன்றாவது வரிசையில் அவள் பெயர், பணி எண், புருஷனுடைய மருத்துவச் சான்றின் தேதி. வீட்டைக் கொடுத்த நாளில் இந்த வரிசைப்படி அவள்தான் முதல் ஆள். தொட்டிக்குப் பக்கத்து வீடு அவளுடையது.

அந்த மனிதர் திருடர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். டிரைவரிடம் ஒரு டீ கூட வாங்கிக் குடித்திருக்க மாட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கூட்டியது. திருடனாக இருந்தால் திருட்டு என்று ஒரு பெயராவது இருக்கும். நாற்பது நிமிஷம் தினமும் உட்கார்ந்து, கண்ணும் கருத்துமாக, ஒழுங்காக, இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார் மனிதர்.

"என்ன சார் இது? ஒரு ஃபைல் எங்க இருக்குன்னு தெரியாமலே இருபது வருஷம் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கீங்க" என்றேன். கத்தினேன் என்றே சொல்லலாம். குண்டூசிப் படத்தைக் காட்டினேன். "இதை ஒரு தடவை அழுத்தியிருந்தா போதும். எந்த ஃபைலும் போயிருக்காது."

அவர் அதைப் பார்த்தார். கையை நீட்டி அவரே ஒரு முறை அழுத்தினார். குண்டூசி நிமிர்ந்து நின்றது. இன்னொரு முறை அழுத்தினார், படுத்துக்கொண்டது.

"இது புதுசா வந்ததா?"

"இல்ல சார், ஆரம்பத்துல இருந்தே இருக்கு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அப்போதுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

"நீ கேன்டீன்ல என்னைச் சொல்லிச் சிரிக்கறது எனக்குத் தெரியும் தம்பி. இருபத்தஞ்சுன்னு பேர் வெச்சதும் தெரியும். நான் இவ்வளவு ஜாக்கிரதையா இருக்கறதைப் பார்த்து நீ சிரிக்கறேன்னு நெனச்சேன். வேற வழி ஒண்ணு இருக்கறதாலதான் நீ சிரிக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அதை ஒரு காப்பி எடுத்துக் குடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். பிரிண்டரில் தாள் சிக்கியது, இழுத்து இன்னொரு தடவை எடுத்தேன்.

மூவருமாகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனோம். கண்காணிப்பாளர் அம்மாள் அந்தக் காப்பியையும் அவள் பையிலிருந்த கையெழுத்துத் தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். தலைமை எழுத்தர், "என் தப்புதான் மேடம், நானே எழுதிக் குடுத்துடறேன்" என்று யாரும் கேட்காமலே சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லுவார் என்று நான் வாசலிலிருந்தே பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன், அது என் வாய்க்குள்ளேயே கிடந்தது.

"ஒதுக்கின வீட்டைத் திரும்ப வாங்க விதி இல்லம்மா" என்றார் கண்காணிப்பாளர். "அடுத்த கீழ்வீடு உனக்குத்தான். அதை இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"அடுத்தது எப்ப மேடம்?"

பதிவைப் புரட்டினார்கள். கீழ்வீட்டில் இருப்பவர்களில் முதலில் ஓய்வு பெறப் போகிறவர் மருந்தாளுநர். அதற்கு இரண்டு வருஷம், இரண்டு மாதம்.

அவள் அழவில்லை. சத்தம் போடவும் இல்லை. தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நான் பின்னாலேயே போனேன். தாழ்வாரத்தில் அவளை நிறுத்தி, எனக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேராக வந்து நாற்காலியோடு அவரை இறக்கி வெளியே கூட்டிப் போகிறோம் என்று ஏதேதோ சொன்னேன். சொல்லும்போதே நல்லவன் ஆகிக்கொண்டு வருகிற மாதிரி எனக்குள் ஒரு சுகம் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

"ரெண்டு தடவை அப்படி இறக்கினாங்க சார், ஆஸ்பத்திரிக்கு. அதுக்கப்புறம் அவரு யாரையும் தொட விடறதில்ல. மூட்டை மாதிரி இருக்குதாம்."

அவள் தாளை நாலாக மடித்துச் சீருடைப் பையில் வைத்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சலவைக்கூடத்துப் பக்கம் இரண்டு அடி வைத்தவள் திரும்பினாள்.

"அந்த சாருக்கு ஒண்ணும் தெரியாது. அவரை வாய்க்கு வந்தபடி திட்டிட்டு நான் வேலையைப் பார்க்கப் போயிடுவேன். உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. உங்களை என்னன்னு சொல்லித் திட்டறதுன்னுதான் எனக்குத் தெரியல."